மந்திரித்த மண்

அத்தியாயம் பதினொன்று

கல்லறைத் திருநாள் ஐப்பசி நடுவில் வரும். காரைக்கால் பக்கத்தில் வானம் ஒழுகிக்கொண்டே இருக்கிற காலம் அது. ஆனால் அந்த எழுபத்தொன்பதாம் வருஷம் விடியும்போதே வெயில் வந்துவிட்டது. காலை மணி அடித்துவிட்டு வந்த சூசைமுத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றார்.

சாயங்காலம் வரப்போவது மழை மட்டுமாக இருந்திருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் கவலை இருந்திருக்காது. நெடுங்காட்டிலிருந்து இளைய மருமகன் அருளானந்தம் வரப்போகிறான். போன ஞாயிறே சொல்லிவிட்டுப் போயிருந்தான். "கல்லற மந்திரிப்பு முடிஞ்சதும் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன் மாமா. துணிமணி எடுத்து வச்சிருங்க."

பிள்ளை என்றது பிலோமியை. நாலு வயது. தாய் அந்தோணிமேரி இறந்த ஜூன் மாதத்திலிருந்து தாத்தா வீட்டில்தான் வளர்கிறாள். பெரியம்மா ஞானமேரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள்.

அந்த ஜூன் மாதக் காலையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால்தான் இன்றைய நாள் புரியும்.

அன்று இருட்டு பிரியும் நேரத்தில் அருளானந்தம் மோட்டார் சைக்கிளில் வந்து இதே வாசலில் நின்றான். ராத்திரி வாய்ச்சண்டை வந்ததாகவும், விடியுமுன் அந்தோணிமேரி கொல்லைக் கிணற்றில் குதித்துவிட்டதாகவும் சொன்னான். "ஊருல இன்னும் யாருக்கும் சொல்லல மாமா. உங்ககிட்டத்தான் மொதல்ல வந்தேன்" என்றான். அதை அன்று பெரிய உபகாரமாகத்தான் அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டது.

ஏனென்றால் சூசைமுத்து கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிக்கப் போகும்போது தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது எல்லாம் அவர் வேலை. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? துக்க மணி கிடையாது. சாமியார் வரமாட்டார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே இருக்கிற மந்திரித்த மண்ணில் இடமும் கிடையாது. வடக்குச் சுவருக்கு வெளியே, காரை முள்ளுக்கு நடுவில், வெறும் மண்ணில் போட்டு மூடிவிட்டு வரவேண்டியதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நெசவாளி உத்தரத்தில் தொங்கியபோது, அவன் பெண்சாதி மணிக்கூண்டின் வாசலில் விழுந்து கிடந்தாள். சூசைமுத்து கூண்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சாவி இடுப்பில் இருக்கும்போதுதான் அவருடைய மகளுக்கு அது நடந்தது.

அவர் நெடுங்காட்டுக்குப் போனார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு குடத்தைக் கயிற்றோடு உள்ளே போட்டார். தண்ணீர் இறைக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சாமியாரிடம் சொன்னார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் "சந்தேகம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். பெண்ணைப் பெற்றவரே அப்படிச் சொல்லிவிட்டால் அறுத்துப் பார்க்கமாட்டார்கள். உடம்பை விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் தன் மகளுக்குத் துக்க மணியை அவரே அடித்தார். ஒரு அடி, அதன் ரீங்காரம் முழுக்க அடங்கிய பிறகு அடுத்த அடி. அப்படித்தான் அடிக்க வேண்டும்.

ஞானமேரி இதில் எதையும் பார்க்கவில்லை. அப்போது டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா செல்வம்மாள் காதோடு காதாக ஒரே ஒரு தடவை சொன்னாள்: "குதிச்சிட்டாடி. வெளிய மூச்சு விடாத." அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. புருஷன் பெண்சாதிகூடப் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பேசாமை என்ன செய்து வைத்திருந்தது என்பது இந்தத் திருநாளன்றுதான் தெரிந்தது.

*

காலையில் கல்லறைக்கு வெள்ளையடிக்க ஞானமேரியும் அவள் புருஷன் சூசைராஜும் வேனில் போனார்கள். சூசைராஜ் காரைக்கால்மேட்டில் விசைப்படகு இஞ்சின் பழுது பார்க்கிறவன். எந்தத் துணியை உடுத்தினாலும் முழங்கையில் கிரீஸ் இருக்கும்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் செவ்வந்தியைக் குவித்து வைத்து உட்கார்ந்திருந்தாள் பூக்கார அஞ்சுகம்.

"என்ன மெக்கானிக்கு, கல்லறைக்கும் டீசல் ஊத்தப் போறியா?"

"ஊத்தினா எந்திரிச்சு ஓடிடுவாங்க அக்கா. அப்புறம் உன் பூவ யாரு வாங்குவா?"

"வாங்குறதுக்கு ஆளா இல்ல? உன் சகலை ஆளுயர மாலைக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்காரு. பெண்டாட்டி மேல அம்புட்டுப் பிரியம்." அஞ்சுகம் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தை மாசம் அவருக்கே ஒரு மாலை வேணுமாம். அதுக்கும் இப்பவே வெல பேசுறாரு."

ஞானமேரி நின்றுவிட்டாள். "தையிலயா? யாரு பொண்ணு?"

"அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? நான் பூ கட்டுறவ."

வேனை உள்ளே, கல்லறைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். எழுபத்தேழு புயலில் இடிந்த வடக்குச் சுவரை மறுபடி எழுப்பியிருந்தார்கள். பழைய செங்கல் எது, புதுச் செங்கல் எது என்று இன்னமும் தெரிந்தது. அந்தோணிமேரியின் கல்லறை வேப்பமரத்தடியில் நல்ல இடத்தில் இருந்தது. சூசைராஜ் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது கொதித்துப் பொங்கி அடங்கும்வரை கிட்டே போகக்கூடாது. அடங்கிய பிறகு ஒரு கை உப்பும், காய்ச்சின கஞ்சியும் சேர்த்தால்தான் மழைக்குக் கரையாமல் பிடிக்கும்.

"பூந்தொட்டியெல்லாம் வேன்ல ஆடிச்சு, அந்த வலையப் போட்டுக் கட்டியிருக்கலாம்ல?" என்றாள் ஞானமேரி. சாமான் ஆடாமல் இருக்க மேலே போட்டுக் கட்டுகிற பழைய மீன்வலை ஒன்று எப்போதும் வேனில் கிடக்கும். இன்று அது இருக்கையின் அடியில் சுருண்டு கிடந்தது. அவள் குனிந்து இழுத்தாள்.

"அதத் தொடாத ஞானம்."

"ஏன்?"

சூசைராஜ் மட்டையால் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான். கலங்கிய பிறகும் கலக்கினான்.

"சொல்லுங்க."

"அதுலதான் அவளத் தூக்கினோம்."

அவள் வலையைக் கீழே விட்டாள்.

"நான்தான் உள்ள எறங்கினேன்" என்றான் அவன். "ஜூன் மாசம், ஆத்துல தண்ணி வரல, கெணத்துல இடுப்பளவுதான். மேல அருளானந்தமும் அவன் அண்ணனும் மாமாவும். கயிறு போட்டுக் கட்டித் தூக்கிடலாம்னான் அவன். எனக்கு மனசு வரல ஞானம். மூட்ட மாதிரி கயித்துல தொங்கிக்கிட்டு வரணுமா அந்தப் பொண்ணு? வலைய எறக்கச் சொல்லி, தண்ணிக்குள்ளயே அவளுக்கு அடியில விரிச்சேன். நாலு முனையும் சேர்த்து வேன் கயித்துல முடிச்சுப் போட்டேன். சேலைய நல்லா சுத்தி, முகத்தையும் மூடிட்டேன். தொட்டில்ல வர்ற மாதிரி வந்தா. ஒரு கயிறுகூட அவ மேல படல."

வலைக்கு ஒரு குணம் உண்டு. கயிறு கட்டினால் பாரம் முழுக்க அந்த ஒரே கோட்டில் விழுந்து அறுக்கும். வலையில் படுக்க வைத்தால் அத்தனை கண்ணும் பாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். கடலோரத்தில் வேலை செய்கிறவனுக்கு அந்த நேரத்திலும் அது தோன்றியிருக்கிறது.

ஞானமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்த காட்சி ஒன்று இருந்தது: தங்கை கயிற்றில் தலை தொங்கி, சுவரில் இடித்து இடித்து மேலே வருவது. அது அவளாக நினைத்துக்கொண்டது. அப்படி நடக்கவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது.

'அம்மாகிட்டயும் சொல்லணும். அதுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்' என்று நினைத்தாள்.

*

செல்வம்மாள் கூடத்தில் உட்கார்ந்து பிலோமியின் கவுன்களை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கவுனை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். பிள்ளை கொல்லையில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தது.

"சட்டை பத்தலடி. அங்க போனா யாரு தச்சுக் குடுப்பா? தையில புதுசா ஒருத்தி வராளாமே, அவளா?"

"உனக்கும் தெரிஞ்சிடுச்சா?"

"ஊருக்கே தெரியுது."

ஞானமேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, ஒண்ணு சொல்றேன், அழாம கேளு. அவளக் கயிறு கட்டித் தூக்கலையாம். இவுரு வேன்ல இருந்த வலையில படுக்க வச்சு, தொட்டில் மாதிரி தூக்கினாங்களாம். ஒரு கயிறுகூட அவ மேல படலையாம்மா."

செல்வம்மாளின் கை கவுன் மேல் அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?"

"இவுருதான். இவுருதானே உள்ள எறங்கினது."

"மாப்ள பொய் சொல்றாரு."

"அவரு எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

"கயிறு கட்டித்தான் தூக்கினாங்க." செல்வம்மாள் கவுனைக் கீழே வைத்தாள். "நான் பார்த்தேன்டி. நான்தானே குளிப்பாட்டினேன். வேற யாரையும் கிட்ட விடல. கழுத்துல கயித்துத் தடம் இருந்துச்சு. செவசெவன்னு. தூக்குறப்போ கயிறு நழுவிக் கழுத்துல விழுந்திருக்கும்னு நினைச்சேன். மத்தவங்க பார்த்தா ஒண்ணு கேட்க ஒண்ணு வரும்னு, கோயில்ல மந்திரிச்ச துணி உத்தரியத்தக் கழுத்துல போட்டு, அதுக்கு மேல மல்லிப்பூவ வச்சு மூடிட்டேன்."

கொல்லையில் கோழி படபடத்தது. பிலோமி சிரித்தாள்.

ஞானமேரியின் பார்வை மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தின் மேல் போய் நின்றது. எழுந்து போய் அதை எடுத்து வந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தாள். கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்தாள்.

"எப்படி இருந்துச்சும்மா அந்தத் தடம்?"

"என்னடி பண்றே?"

"சொல்லு."

கிணற்றில் இறைத்துப் பழகிய கைகளுக்குத் தெரிந்த விஷயம்தான் அது. குடத்தின் கழுத்தில் சுருக்குப் போட்டு மேலே தூக்கினால், பாரம் கீழே இழுக்கும், கயிறு மேலே ஏறும். முடிச்சு இருக்கிற பக்கம் உயரும், எதிர்ப்பக்கம் தாழும். கயிறு சாய்வாகத்தான் நிற்கும். அதே குடத்தைத் தரையில் வைத்து, தூக்காமல், இரண்டு கையாலும் கயிற்றைச் சுற்றி இறுக்கினால் சாய்வே இருக்காது. வளையல் போட்ட மாதிரி நேராகச் சுற்றி உட்காரும்.

ஞானமேரி முதலில் தூக்கிக் காட்டினாள். பிறகு கீழே வைத்து இறுக்கிக் காட்டினாள்.

செல்வம்மாள் குடத்தைப் பார்த்தாள். தன் கழுத்தில் விரலை வைத்து, தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஆரம்பித்து, காதுக்குக் கீழே, பின்கழுத்து வழியாக மறுபடி தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தாள். நேராக. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு ஞானமேரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குதிக்கலம்மா அவ."

"ரெண்டு தடவ வந்தாடி" என்றாள் செல்வம்மாள். "கன்னம் வீங்கி ஒரு தடவ. தோள்பட்டை எறங்கி ஒரு தடவ. 'அடிக்கிறாரும்மா'ன்னா. எந்த வீட்டுல இல்லாத அடின்னு சொன்னேன். புதுச் சேல எடுத்துக் குடுத்து, நானே பஸ் ஏத்திவிட்டேன்."

*

பகல் மணி அடித்துவிட்டு சூசைமுத்து சாப்பிட வந்தார். இலை போட்டிருந்தது. சோறு வைக்கவில்லை. தாயும் மகளும் சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"வலைக் கண்ணு பட்டிருக்கும்" என்றார் கடைசியில்.

"வலை பட்டா கட்டம் கட்டமா இருக்கும்பா."

"தண்ணியில ஊறின ஒடம்பு. எது எதுவோ தெரியும். உங்கம்மா அழுதுகிட்டே பார்த்திருப்பா."

"அழலீங்க" என்றாள் செல்வம்மாள். "பார்த்துத்தான் மூடினேன்."

சூசைமுத்து மடியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அவர் பழக்கம்.

"இப்ப என்ன செய்யணுங்கிறே ஞானம்?"

"பிலோமியக் கொடுக்கக்கூடாது."

"பெத்த அப்பன் கேக்குறான். என்ன சொல்லிக் கொடுக்காம இருப்பே?"

"உள்ளதச் சொல்லி."

"உள்ளதுன்னா எது? குடத்த உள்ள போட்டது நான். சந்தேகம் இல்லைன்னு போலீஸ்ல சொன்னது நான். சாமிகிட்ட வாய்கூசாமப் பொய் சொன்னவன் நான். சரி, அதெல்லாம் என் தலையோட போகட்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு, மம்முட்டி எடுத்துக்கிட்டு வந்து தோண்டுவாங்க. அஞ்சு மாசம் ஆச்சு. மழை வேற. என்ன இருக்கும் பார்க்க? பார்த்தது பத்தலைன்னு, குதிச்சவதான்னு எழுதிட்டா? திரும்ப எங்க போடுவாங்க எம் புள்ளய? வடக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தோணிமேரிக்கென்று மிஞ்சியது வேப்பமரத்தடியில் அந்த ஆறடி மந்திரித்த மண் ஒன்றுதான். அதையும் பணயம் வைத்தால்தான் பிலோமியைக் காப்பாற்ற முடியும்.

"அப்பா" என்றாள் ஞானமேரி. "அந்தக் குடம் கெணத்துச் செவுத்து மேலயா இருந்துச்சு?"

"எந்தக் குடம்?"

"நீங்க உள்ள போட்டது."

சூசைமுத்து எதையோ கண்ணுக்கு முன்னால் கொண்டுவரப் பார்ப்பவர் போல நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

*

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தங்கள் தங்கள் கல்லறையைச் சுற்றி நின்றன. சாம்பிராணிப் புகை ஈர மண்ணோடு கலந்து தாழ்வாகவே நின்றது. பாட்டுக்காரர்கள் முன்னால் பாட, பங்குச் சாமியார் வரிசை வரிசையாக வருவார். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று ஜெபம் சொல்லி, கோயில்பிள்ளை நீட்டுகிற வாளியில் தெளிப்பானை முக்கி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தீர்த்தம் தெளிப்பார். பிறகு அடுத்த கல்லறை.

அருளானந்தத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. அஞ்சுகம் கட்டிய ஆளுயர மாலை தோளில்.

அதைக் கல்லறைச் சிலுவையில் சாத்தி, முழங்கால் போட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டான். சுற்றியிருந்தவர்களில் இரண்டு பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எழுந்ததும் பிலோமியைத் தூக்கிக்கொண்டான்.

"அப்பாகூட வண்டியில போலாமா?"

"டர்ருனு போலாமா?" என்றாள் பிலோமி.

"டர்ருனு போலாம்." அவன் ஞானமேரியைப் பார்த்தான். "பெட்டியக் காணோமே அண்ணி?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. புள்ளைக்குச் சளி. ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"ரெண்டு நாள் ரெண்டு நாள்னு அஞ்சு மாசம் ஆயிடுச்சு. துணி இல்லாட்டிப் பரவாயில்ல, வாங்கிக்கலாம்." சிரித்தான். பிலோமியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கையை ஞானமேரி பார்த்தாள். பெரிய கை. டிராக்டர் ஓட்டுகிற கை. கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன அண்ணி அப்படிப் பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. புள்ளயப் பார்த்தேன்."

அவள் மெல்லப் பின்வாங்கி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற சூசைராஜிடம் போனாள். மத்தியானமே அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"விடமாட்டான் போல. தூக்கி வண்டியில வச்சுட்டான்னா நெடுங்காடு போய்த்தான் நிப்பான். என்னங்க செய்யிறது?"

சூசைராஜ் சுற்றிலும் பார்த்தான். எல்லோர் கண்ணும் சாமியார் வருகிற வரிசை மேல் இருந்தது.

"இஞ்சினுக்கு மூணு வேணும் ஞானம். பெட்ரோல், காத்து, பொறி. மூணுல ஒண்ணு இல்லாட்டி உதைக்கிறவன் காலுதான் வலிக்கும்." அவன் வாசல் பக்கம் நடந்தான்.

சூசைராஜ் திரும்பி வந்தபோது அவன் வலது கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் கரி. கையை லேசாகத் திறந்து காட்டினான். சின்ன வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு, வண்டிக்குப் பொறி தருகிற பிளக் உள்ளங்கையில் இருந்தது.

அதற்குள் பாட்டு கிட்டே வந்துவிட்டது. பக்கத்துக் கல்லறைக்குத் தீர்த்தம் விழுந்தது. அடுத்து அந்தோணிமேரி.

சாமியார் வந்து நின்றார். அவருக்கு இடப்பக்கம் வாளியோடு சூசைமுத்து. அப்பாவின் முகத்தை ஞானமேரி பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அவர் எதையோ நினைவில் தேடுகிற அதே முகத்தோடுதான் இருக்கிறார் போலிருந்தது. ஜெபத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உதடு மட்டும் அசைந்தது. அருளானந்தம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்தியாகத் தலை குனிந்தான்.

சாமியார் தெளிப்பானை வாளியில் முக்கி எடுத்தார்.

"சாமி" என்றாள் செல்வம்மாள்.

அவர் கை நின்றது.

"இந்தக் குழிய மந்திரிக்காதீங்க சாமி."

பாட்டு பாதியில் தேய்ந்தது. பின்வரிசையில் யாரோ "என்னவாம்?" என்றார்கள்.

"என்னம்மா சொல்றே?" என்றார் சாமியார். "உன் மக கல்லறைம்மா."

"எம் மகதான். இதத் தோண்டணும் சாமி. தோண்டிப் பார்க்கணும்."

தெளிப்பானின் நுனியிலிருந்து தீர்த்தம் சொட்டி, புது வெள்ளையின் மேல் விழுந்தது. அருளானந்தம் தலையை நிமிர்த்தினான்.

"அத்தைக்கு மனசு சரியில்லீங்க சாமி. புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன்ல, அந்தத் துக்கம். நீங்க மந்திரிங்க."

"துக்கந்தான்" என்றாள் செல்வம்மாள். அவனைப் பார்க்கவில்லை. சாமியாரைத்தான் பார்த்தாள். தன் கழுத்தில் விரலை வைத்து, மத்தியானம் காட்டியது போலவே, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். "இப்படி இருந்துச்சு சாமி. நான்தான் குளிப்பாட்டினேன். நான்தான் உத்தரியத்த வச்சு மறைச்சேன். அவ கெணத்துல விழல. குதிக்கவும் இல்ல. போட்டிருக்காங்க."

"வாயப் பார்த்துப் பேசுங்க அத்தை." அருளானந்தத்தின் குரலில் இருந்த மரியாதை அப்படியே இருந்தது. அதற்கு அடியில் இருந்தது மட்டும் மாறிவிட்டது. "அவ வழுக்கி விழுந்தான்னு ஊரைக் கூட்டிச் சொன்னது மாமா. அவர் பொய் சொல்றாருங்கிறீங்களா? கேளுங்க சாமி, உங்க கோயில்பிள்ளையவே கேளுங்க."

சாமியார் திரும்பினார். "சூசைமுத்து. என்ன இது?"

கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அப்பா இப்போது "மனசு சரியில்லீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீர்த்தம் விழும். பாட்டு அடுத்த கல்லறைக்குப் போகும். வேப்பமரத்தடி அவளுக்கே இருக்கும். பிலோமி நெடுங்காட்டுக்குப் போவாள்.

சூசைமுத்து குனிந்து வாளியைத் தரையில் வைத்தார். மந்திரிப்பு முடியும்வரை கோயில்பிள்ளை அதைக் கீழே வைக்கக்கூடாது. இத்தனை வருஷத்தில் அவர் வைத்ததில்லை.

"குடம் கெணத்துச் செவுத்து மேல இல்ல சாமி" என்றார். யாருக்கும் அது புரியவில்லை. ஞானமேரிக்கு மட்டும் புரிந்தது. "உள்ள போட்டது நான்தான். ஆனா எடுத்துக் கையில குடுத்தது இவன். 'இதப் போட்டா விழுந்த மாதிரி இருக்கும் மாமா'ன்னு சொல்லிக் குடுத்தான். மத்தியானத்திலேருந்து அதத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். பெண்டாட்டி கெணத்துல கெடக்குறா. அந்த நேரத்துல இவனுக்கு எப்படி அது தோணுச்சு?"

அவர் இடுப்பிலிருந்து மணிக்கூண்டுச் சாவியை எடுத்து, வாளியின் பக்கத்தில் வைத்தார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தடியில் அருளானந்தம் பிலோமியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓடாமல், கல்லறைகளுக்கு நடுவே வேகமாக வாசலை நோக்கி நடந்தான். அவனைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் இன்னும் தோன்றவில்லை. ஊர் அஞ்சு மாதமாக அவனைத் துக்கக்காரனாகத்தான் பார்த்துப் பழகியிருந்தது.

ஞானமேரிக்குத் தோன்றியது. அவள் பின்னாலேயே நடந்தாள். சூசைராஜ் கையை மூடியபடி அவளுக்குப் பக்கத்தில் வந்தான்.

வாசலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அஞ்சுகம் மிச்சப் பூவைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். அருளானந்தம் பிள்ளையை பெட்ரோல் டாங்க் மேல் உட்காரவைத்தான். பிலோமி இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"டர்ருனு போலாம்பா" என்றாள்.

அவன் உதைத்தான். வண்டி இருமவில்லை. மறுபடி உதைத்தான். கையை முறுக்கிக்கொண்டு, உடம்பு முழுப் பாரத்தையும் போட்டு உதைத்தான்.

பிலோமி சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பிறகு திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் அந்த முகத்தை இதற்கு முன்னாலும் எப்போதோ பார்த்திருக்கிறாள் என்பது, டாங்க்கிலிருந்து மெல்ல மெல்லப் பெரியம்மா பக்கம் நகர்ந்த அந்தச் சின்ன உடம்பிலேயே தெரிந்தது.

ஞானமேரி இரண்டு கையையும் நீட்டினாள்.